லைன் அங்கிளின் பன்னிரண்டு காலடி

என் வேனின் பின்பக்கம், இரும்புக் கம்பிகளுக்கும் வெல்டிங் சாமான்களுக்கும் நடுவில் ஒரு பழைய பால்மாவு டின் கிடக்கிறது. மேல்மூடி இல்லை. அடிப்பக்கம் முழுக்க ஆணியால் குத்திய சின்னச் சின்ன ஓட்டைகள். விளிம்பில் இரண்டு துளை போட்டு, கம்பியை வளைத்து மாட்டிய கைப்பிடி. தொட்டால் விரல் வெள்ளையாகும். நான் வீட்டுக் கதவுகளுக்கும் ஜன்னல்களுக்கும் கிரில் செய்து கொடுக்கிறவன். என்னிடம் புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் வேனைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று முதலில் கை வைப்பது இந்த டின்னில்தான். ஒருவன் தூக்கியே எறிந்துவிட்டான். காப்பார் சாலையில் ஒரு குப்பைத் தொட்டிக்குள் பாதி உடம்பை விட்டு நானே அதைத் தேடி எடுத்தேன். "என்னா பாஸ், ஓட்டை டின்னுக்கா இவ்ளோ சத்தம் போடுறீங்க?" என்று அவன் கேட்டான். பதில் சொல்ல எனக்கு அப்போது பொறுமை இல்லை. பொறுமை எனக்கு எப்போதுமே கொஞ்சம் கம்மி. இந்தக் கதையே அதனால் வந்ததுதான்.

அந்த டின், லைன் அங்கிளுடையது. மலேசியாவில் கிள்ளானில், எங்கள் தாமான் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு திடல் இருக்கிறது. ஒரு பக்கம் பெரிய கால்வாய், மறுபக்கம் மின்கம்பங்கள், நடுவில் நகராண்மைக் கழகம் எந்தக் காலத்திலோ நட்டுவைத்த இரண்டு கோல் கம்பங்கள். அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் எட்டு அணிகள் பந்தாடும். சுற்றுவட்டாரத் தாமான்காரர்கள், ஷா ஆலம் தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை பார்க்கிறவர்கள், ஜெஞ்சாரோமிலிருந்து லோரியில் வந்து இறங்குகிறவர்கள் என்று எல்லாத் தினுசும் உண்டு. இதையெல்லாம் கட்டி மேய்த்தவர் எங்கள் செயலாளர். பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்தில் வேலை செய்த மனிதர். எந்த அணி எப்போது யாரோடு ஆடும் என்று அட்டவணை போடுவது, ரெப்ரிக்கு ஆள் பிடிப்பது, திடலுக்கு அனுமதி வாங்க அலைவது எல்லாம் அவர்தான். சம்பளமே இல்லாத ஒரு வேலையில் அத்தனை திட்டு வாங்கியவரை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. திட்டியவர்களில் முதல் வரிசையில் நான் இருந்தேன். நான் எங்கள் அணியின் கோல்கீப்பர். கை நீளம், வாய் அதைவிட நீளம்.

ஆரம்பத்தில் திடலில் கோடு கிடையாது. நான்கு மூலையிலும் நான்கு சிலிப்பரைப் போட்டுவிட்டு ஆடுவோம். பந்து வெளியே போனதா இல்லையா என்பதற்கே பாதி ஆட்டம் சண்டையில் போகும். அப்படியொரு சண்டையின்போதுதான் லைன் அங்கிள் எங்கள் கண்ணில் பட்டார். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வாழ்ந்து, ஓய்வு பெற்றதும் மனைவியோடு எங்கள் தாமானுக்குக் குடிவந்தவர். நெட்டையான ஆள், வெள்ளைத் தொப்பி, சட்டைப்பையில் ஒரு பேனா. ஓரமாக நின்று நாங்கள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்ததைப் பொறுமையாகப் பார்த்தார். கடைசியில், "கோடு இல்லாத இடத்துல ஆடினா சண்டைதான் லா வரும்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். யார் இந்தக் கிழவன், நமக்குப் புத்தி சொல்ல வந்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். அடுத்த ஞாயிறு நாங்கள் போனபோது திடல் முழுக்க வெள்ளைக் கோடு. கோல் முன்னால் பெட்டி, நடுவட்டம், மூலை வளைவு, பெனால்டி புள்ளி, எல்லாம் இருந்தன. கோல் கம்பத்தடியில் சுண்ணாம்புத் தூசியோடு இந்த டின்னை வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு நாங்கள் சண்டை போடவில்லை. கோட்டை அழித்துவிடக் கூடாதே என்று ஓரமாகக்கூட நடந்தோம்.

கோடு போடுவது ஒருநாள் வேலை என்றால் பரவாயில்லை. கிள்ளான் மழை தெரியும்தானே. வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம் கொட்டித் தீர்த்துவிடும். சனிக்கிழமைக்குள் கோடு போன இடம் தெரியாது. ஆகவே ஒவ்வொரு ஞாயிறும் புதிதாகப் போட வேண்டும். அங்கிளும் ஆன்டியும் மாதா கோயில் போகிறவர்கள். ஞாயிறு காலைப் பூசைக்குப் போனால் திடல் வேலை கெட்டுவிடும் என்று சனிக்கிழமை மாலைப் பூசைக்கு மாறிக்கொண்டார்கள். விடிந்தும் விடியாத நேரத்தில் அவர் திடலுக்கு வந்துவிடுவார். முதலில் ஒரு பிளாஸ்டிக் பையோடு சுற்றி வந்து உடைந்த போத்தலையும் நாய் போட்டதையும் பொறுக்குவார். குழி இருந்தால் மண் போட்டு மிதிப்பார். அப்புறம்தான் டின்னைக் கையில் எடுப்பார்.

அவர் அளக்கிற விதம்தான் விசேஷம். அளவு டேப் கிடையாது. வட்டத்துக்கும் நேர்கோட்டுக்கும் ஒரு நைலான் கயிறு, மற்றதெல்லாம் கால் கணக்கு. கோல் கோட்டில் குதிகாலை ஒட்டி நின்று, நீளமாக ஒரு அடி எடுத்து வைப்பார். அந்த முதல் அடிக்கு 'ஒன்று' என்று சொல்ல மாட்டார். "லாபம்" என்பார். பிறகு ரெண்டு, மூணு, நாலு என்று எண்ணிக்கொண்டே போவார். பன்னிரண்டில் பெனால்டி புள்ளி, பதினெட்டில் பெட்டிக் கோடு. அரிசி அளந்தாலும் சுண்ணாம்பு போட்டாலும் முதல் எண்ணை லாபம் என்றுதான் சொல்ல வேண்டுமாம். அவருடைய அம்மா எஸ்டேட் தோட்டத்தில் படி அரிசி அளக்கும்போது அப்படித்தான் சொல்வாராம். "அங்கிள், யாருக்கு லாபம்?" என்று கேட்டு நாங்கள் கலாட்டா செய்வோம். "யாராவது ஒருத்தனுக்கு இருக்கும் லா" என்பார்.

நான் இரும்பு வேலைக்காரன். அரை சென்டிமீட்டர் தப்பினால் என் கதவு சட்டத்தில் உட்காராது. கால் கணக்கெல்லாம் எனக்குச் சரிப்படாது. ஒரு புது டேப் வாங்கித் தருகிறேன் என்று அவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "முப்பது வருசம் தண்டவாளத்துல கட்டைக்குக் கட்டை நடந்த காலுடா இது. பொய் சொல்லாது" என்றார். ரயில் பாதையில் ஆணி கழன்றிருக்கிறதா, கட்டை உளுத்திருக்கிறதா என்று நடந்தே பார்க்கிற வேலையில் இருந்தவர் அவர். நான் விடவில்லை. ஒருநாள் அவர் போட்ட புள்ளியை அவர் எதிரிலேயே அளந்து பார்த்தேன். பதினொரு மீட்டர் இருக்க வேண்டும். பதினொரு மீட்டர் இருந்தது, மூன்று சென்டிமீட்டர் முன்னே பின்னே. அதற்கப்புறம் நான் வாயைத் திறக்கவில்லை. அங்கிள் கால் ஜெர்மனியில் செய்தது என்று நானே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இப்படி ஐந்தாறு வருடம் ஓடியது. பிறகு சில மாற்றங்கள் வந்தன. அவற்றை நாங்கள் எல்லோரும் பார்த்தோம், ஒருவரும் கவனிக்கவில்லை. அங்கிள் முன்னைவிடச் சீக்கிரமாக வர ஆரம்பித்தார். முன்னைவிடத் தாமதமாக முடித்தார். பேச்சு குறைந்தது. முகத்தில் சிரிப்பு வர நேரமானது. முன்பெல்லாம் டின்னை ஒரு குச்சியால் தட்டித் தட்டித்தான் சுண்ணாம்பை விழவைப்பார். இப்போது தட்டுகிற வேலையே இல்லை. டின் பிடித்த கை தானாகவே ஆடியது. சுண்ணாம்பு சீராக, திட்டுத் திட்டாக இல்லாமல் அழகாக விழுந்தது. "அங்கிள் கையில மெஷின் வச்சிட்டாரு லா" என்று சொன்னவன் வேறு யாருமில்லை, நான்தான். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்த மாதிரிதான் இருந்தது. இன்றைக்கும் தனியாக வண்டி ஓட்டும்போது அந்த வாக்கியம் ஞாபகம் வந்தால் என்னை நானே திட்டிக்கொள்வேன்.

அதே காலத்தில்தான் நான் பெனால்டிகளைத் தடுப்பது நின்றுபோனது. முன்பு மூன்றில் ஒன்றையாவது கையால் தட்டிவிடுவேன். இப்போது உதைக்கிறவன் கால் பந்தில் படுவதும் பந்து என் பின்னால் வலையில் விழுவதும் ஒன்றாக நடந்தது. வயதாகிறது என்று நினைத்தேன். தேங்காய்ப்பால் சோறு, அந்த நாசி லெமாக்கைக் குறை என்றாள் மனைவி. மற்ற கோல்கீப்பர்களும் புலம்பினார்கள். செயலாளர் மட்டும் சந்தோஷமாக இருந்தார். கோல் நிறைய விழுகிறது, நம் லீக்கின் தரம் உயர்ந்துவிட்டது என்று எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டிருந்தார். வெளியூர் அணிகளும் எதுவும் சொல்லவில்லை. இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கு வட்டாரத்தில் ஒரு திடலைப் போல இன்னொரு திடல் இருப்பதில்லை. செலாயாங்கில் நாங்கள் ஆடிய திடல் ஒரு பக்கம் சரிந்திருக்கும். ஷா ஆலமில் மூலைக்கொடிக்குப் பக்கத்தில் ஒரு மரம் நிற்கும். எங்கள் பெட்டி கொஞ்சம் சின்னது என்று யாராவது நினைத்திருந்தாலும் இது இந்த ஊர் வழக்கம் என்று விட்டிருப்பார்கள்.

அந்த வருட இறுதியாட்டம் ஜெஞ்சாரோம் அணியோடு. ஆளுக்கு ஒரு கோல் அடித்து, ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் எங்கள் பெட்டிக்குள் எங்கள் ஆள் ஒருவன் கை பந்தில் பட்டது. பெனால்டி. நான் சரியான பக்கம்தான் பாய்ந்தேன். விரல் நுனி பந்தில் பட்டும் தடுக்க முடியவில்லை. ரெப்ரி விசில் ஊதி ஆட்டத்தை முடித்தார். அவர்கள் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். தரையில் கிடந்தபடியே அந்த வெள்ளைப் புள்ளியைப் பார்த்தேன். என் கண்ணுக்குப் பழக்கமான தூரங்கள் உண்டு. இது பதினொரு மீட்டர் இல்லை என்று கண் சொன்னது. எழுந்து நேராக என் வேனுக்குப் போய் அளவு டேப்பை எடுத்து வந்தேன்.

எல்லோரும் பார்க்க அளந்தேன். ஒன்பது மீட்டர் நாற்பது. இன்னொரு தரம் அளந்தேன், அதேதான் வந்தது. மண்டைக்குள் ஏதோ ஏறிவிட்டது. அங்கிள் கோல் கம்பத்துக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஆன்டி ஆட்டக்காரர்களுக்குச் சிராப் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். டேப்பைப் பதினொரு மீட்டர் வரை இழுத்துத் தரையில் விட்டுவிட்டு, "அங்கிள், பன்னெண்டு அடி ஒழுங்கா எண்ணத் தெரியாதா? இந்த மாதிரி கோடு போடுறதுக்கு வீட்டுலேயே இருக்கலாம் லா!" என்று கத்தினேன். திடல் முழுக்கக் கேட்டிருக்கும். ஜெஞ்சாரோம் கேப்டன் நல்ல மனிதன். "அந்தப் பக்கப் புள்ளியும் இதே தூரந்தானே அண்ணே, ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்" என்றான். அவன் சொன்னது நூற்றுக்கு நூறு நியாயம். அது என் காதில் ஏறவில்லை.

அங்கிள் எழுந்து வந்தார். கோபமில்லை, முகத்தில் எந்த அசைவுமில்லை. கோல் கோட்டில் குதிகாலை ஒட்டி நின்றார். "லாபம்" என்றார். ஒரு அடி வைத்தார். "ரெண்டு." தன்னால் எவ்வளவு நீளமாக முடியுமோ அவ்வளவு நீளமாகத்தான் காலை வீசினார், அது நன்றாகத் தெரிந்தது. கால் போகவில்லை. மேலே ஏதோ அழுத்திப் பிடித்திருப்பது போல முழங்கால் பாதியில் நின்றது. ஏழில் ஒரு நிமிடம் தடுமாறி நின்றார். எட்டு, ஒன்பது. பன்னிரண்டு என்று அவர் சொன்னபோது அவருடைய சப்பாத்து தான் காலையில் போட்ட புள்ளியின் மேலேயே நின்றது. அவர் புள்ளியைப் பார்த்தார். நான் தரையில் விட்டிருந்த டேப்பைப் பார்த்தார். அது இன்னும் முன்னால் நீண்டு கிடந்தது. பிறகு தன் காலைப் பார்த்தார். அப்படி யாராவது தன் காலையே அந்நியனைப் பார்ப்பதுபோலப் பார்த்து நான் கண்டதில்லை. ஆன்டி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "போதும், வாங்க வீட்டுக்கு" என்றார். இருவரும் நடந்து போனார்கள். அந்த நடையை அப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறேன். ஐந்தாறு மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் என் முன்னால் நடந்த நடைதான் அது.

டின் கம்பத்தடியிலேயே கிடந்தது. எடுத்து வேனில் போட்டேன். மறுநாளே கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள் தைரியம் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. ஞாயிறு வந்தது, அங்கிள் வரவில்லை. செயலாளர் என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "கோடு யாரு போடுறது?" என்று மட்டும் கேட்டார். டேப் என்னிடம்தான் இருந்தது, டின்னும் என்னிடம்தான் இருந்தது. நானே போட்டேன். டேப் பிடிக்க ஒருவன், கயிறு பிடிக்க ஒருவன், சுண்ணாம்புக்கு நான். இரண்டு மணி நேரம் ஆனது. பெட்டியின் ஒரு மூலை இன்னொரு மூலையோடு சேரவில்லை. பாதி ஆட்டத்தில் ஒரு பையன் போத்தல் துண்டில் விழுந்து முழங்காலைக் கிழித்துக்கொண்டான். துண்டு பொறுக்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு மனிதர் தனியாக என்னென்ன செய்துகொண்டிருந்தார் என்பது ஒவ்வொன்றாகக் குறையும்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. இப்படி ஏழெட்டு ஞாயிறு போனது.

ஒருநாள் ஆன்டி என் பட்டறைக்கு வந்தார். வெல்டிங்கை நிறுத்திவிட்டு நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். அவர் சாதாரணமாக உட்கார்ந்து, "தம்பி, வீட்டுக் குளியலறையில அங்கிள் பிடிச்சிக்கிற மாதிரி இரும்புக் கைப்பிடி போடணும். வந்து அளவெடுத்துக்கிறியா?" என்றார். டாக்டர் பார்க்கின்சன் என்று சொன்னாராம். நடுக்கம் மட்டுமில்லை, கால் தானாகவே சின்னச் சின்ன அடியாக வைக்கும், வைக்கிறவருக்கு அது தெரியாது, தான் எப்போதும்போல நடப்பதாகத்தான் நினைப்பார் என்று விளக்கினாராம். சட்டைப் பொத்தான் போட நேரமாவதைக் கண்டு ஆன்டி ஒரு வருடமாக ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டிருக்கிறார். அவர் அசையவில்லை. "என் பேச்சக் கேக்கல. அன்னிக்கு நீ அளந்து காட்டினே பாரு, மறுநாளே அவரா கிளம்பிட்டாரு. உனக்குத்தான் நன்றி சொல்லணும்" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். காறித் துப்பியிருந்தால்கூட அப்படி வலித்திருக்காது.

அவர்கள் வீட்டுக்குப் போனேன். அங்கிள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே போய்ச் சுவரை அளந்துகொண்டு வெளியே வந்ததும், "சரியா அளந்தியா?" என்று கேட்டார். அவ்வளவுதான். "அங்கிள், என்னை மன்னிச்சிருங்க" என்றேன். "நீ அளந்தது தப்பில்ல. ஒன்பது நாப்பது, ஒன்பது நாப்பதுதான். கத்தினதுதான் தப்பு" என்றார். ஆமாம் என்றேன். "கால் பொய் சொல்லாதுன்னு எல்லாருகிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்டா" என்றார் பிறகு. அந்தக் குரலை என்னால் மறக்க முடியாது. நோயைவிட அதுதான் அவரை வீட்டுக்குள் உட்கார வைத்திருந்தது. இனித் திடல் பக்கம் வர மாட்டேன் என்றார். கோட்டை நீ போடு, டேப்பிலேயே போடு என்றார்.

கிளம்புகிற நேரத்தில்தான் தரையைக் கவனித்தேன். கூடத்திலிருந்து சமையலறை வரை தரையில் குறுக்கே குறுக்கே சிவப்பு நாடா ஒட்டியிருந்தது. எல்லாம் சம இடைவெளி. ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற பெண் சொல்லி ஒட்டியதாம். இந்த நோய்க்காரர்களுக்கு வெறும் தரையில் கால் சுருங்கிவிடும், சில சமயம் தரையோடு ஒட்டிக்கொண்டுவிடும். ஆனால் எதிரில் கோடு இருந்தால் அதைத் தாண்டிக் காலை நீளமாக வைக்க முடியுமாம். ஆன்டி கூப்பிட அங்கிள் எழுந்தார். நாற்காலி பக்கத்தில் திணறினார், முதல் நாடா கண்ணில் பட்டதும் நடந்தார். நான் அப்படியே நின்றுவிட்டேன். பழைய நடை. நீளமான அடி. பிரிக்பீல்ட்ஸ் தண்டவாளத்தில் நடந்த அதே மனிதர். சமையலறை வாசலில் திரும்பி நின்று, "கட்டை மாதிரியே இருக்குல்ல?" என்றார். முகம் அசையாவிட்டாலும் குரலில் ஒரு சின்னச் சிரிப்பு இருந்தது.

கைப்பிடி பொருத்த மறுபடி போனபோது அங்கிளுக்குத் தெரியாமல் ஆன்டியிடம் ஒரு விஷயத்தைச் சொல்லி வைத்தேன். அந்த ஞாயிறு அங்கிள் வழக்கமாக வந்த நேரத்துக்கும் முந்தி, விடியும் முன்பே திடலுக்குப் போனேன். முதலில் போத்தல் பொறுக்கினேன். பெட்டிக் கோடெல்லாம் போட்ட பிறகு, கோல் கோட்டிலிருந்து பெனால்டி புள்ளி இருக்க வேண்டிய இடம்வரை டேப் வைத்து, குறுக்கே பன்னிரண்டு கோடு போட்டேன். ரயில் கட்டைகள் மாதிரி. புள்ளியை மட்டும் போடவில்லை. மாத்திரை நன்றாக வேலை செய்கிற நேரம் பார்த்து, மருந்துக் கடைக்குப் போகலாம் என்று சொல்லி ஆன்டி அவரைக் காடியில் அழைத்து வந்தார். மாதா கோயிலுக்குப் போகிற பெண்மணி எனக்காக ஒரு பொய் சொன்னார். வண்டி திடலுக்குத் திரும்பியதுமே அவருக்குப் புரிந்திருக்கும். இறங்க மாட்டேன் என்றார். அணிக்காரர்கள் எல்லாம் சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டும் பந்தைத் தட்டிக்கொண்டும் எதுவும் தெரியாதது மாதிரி நின்றார்கள். அவ்வளவு மோசமான நடிப்பை நான் பார்த்ததில்லை. நான் கதவைத் திறந்து, "அங்கிள், பெனால்டி புள்ளி இன்னும் போடல. ரெப்ரி காத்துக்கிட்டு இருக்காரு" என்றேன்.

நீண்ட நேரம் கழித்துக் காலை வெளியே வைத்தார். கோல் கோட்டுக்கு வர என் தோளைப் பிடித்துக்கொண்டார். புல்லில் கால் இழுத்துக்கொண்டே வந்தது. கோட்டில் குதிகாலை ஒட்டி நின்று எதிரே பார்த்தார். பன்னிரண்டு வெள்ளைக் கோடுகள். "யாரு போட்டது?" என்றார். "கோட்டுக்குக் கோடு இவ்ளோ அகலமாவா?" என்று ஆன்டி பின்னாலிருந்து பதறினார். அங்கிள் என் தோளிலிருந்து கையை எடுத்தார். "லாபம்" என்றார். கால் போனது. முதல் கோட்டில் போய் நின்றது. ரெண்டு. மூணு. ஏழில் அன்றைக்குப் போலவே ஒரு தடுமாற்றம். நான் கையை நீட்டிக்கொண்டு பக்கத்திலேயே போனேன், தொடவில்லை. திடலில் பந்து தட்டும் சத்தம்கூட நின்றிருந்தது. பத்து. பதினொண்ணு. பன்னெண்டு. கடைசிக் கோட்டில் அவர் சப்பாத்து சரியாக உட்கார்ந்தது. யாரோ ஒருவன் விசிலடித்தான். செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது, அதை மறைக்கவும் தோன்றவில்லை. அங்கிள் மெதுவாகத் திரும்பி தான் நடந்து வந்த வழியைப் பார்த்தார். "ஏழாவது கட்டை கோணல்" என்றார். பிறகு கையை நீட்டினார். டின்னைக் கொடுத்தேன். கை ஆடியது, சுண்ணாம்பு விழுந்தது, புள்ளி வட்டமாக வந்தது. டேப் வைத்துப் பார்க்கவில்லை. ஆட்டம் தொடங்குமுன் அந்தப் பன்னிரண்டு கட்டைகளையும் துடைப்பத்தால் கலைத்துவிட்டோம். அடுத்த வாரம் மறுபடி போட்டேன். ஏழாவதை நேராகப் போட்டேன்.

அப்படியே மூன்று வருடம் அவர் நடந்தார். பிறகு பன்னிரண்டு ஒன்பதானது, ஆறானது. போன வருடத்திலிருந்து நடப்பதில்லை. நானும் இப்போது கோல்கீப்பர் இல்லை. என் முழங்காலும் அதற்கு ஒத்துவராது, நாசி லெமாக்கையும் குறைக்கவில்லை. செயலாளர் இன்னும் செயலாளராகத்தான் இருக்கிறார், இன்னும் திட்டு வாங்குகிறார். எட்டு அணிகள் பதினொன்றாகிவிட்டன. பெண்கள் அணியொன்று புதிதாகச் சேர்ந்திருக்கிறது. கோடு போடுவது என் வேலை. டேப் வைத்துத்தான் போடுகிறேன். கால் கணக்கை நம்ப எனக்கு இன்னும் மனம் வராது.

ஆனால் பெனால்டி புள்ளியைக் கடைசியாகத்தான் போடுவேன். அதற்குள் ஆன்டி சக்கர நாற்காலியைக் கோல் கம்பத்துக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தியிருப்பார். நான் டேப்பை விரித்துத் தரையில் கிடத்திவிட்டு, பால்மாவு டின்னோடு கோல் கோட்டில் குதிகாலை ஒட்டி நிற்பேன். அங்கிளுக்கு இப்போது குரலும் சுருங்கிவிட்டது. வார்த்தை கிளம்பி உதட்டுக்கு வர நேரமாகும். ரெப்ரி கடிகாரத்தைப் பார்ப்பார். புதிதாக வந்த ஆட்டக்காரர்கள், "என்னா அண்ணே, நின்னுக்கிட்டே இருக்கீங்க?" என்பார்கள். பொறுமையில்லாதவன் என்று பெயரெடுத்த நான் அசையாமல் நிற்கிறேன். பின்னாலிருந்து மெல்லிசாக "லாபம்" என்று கேட்ட பிறகுதான் முதல் அடி எடுத்து வைக்கிறேன்.